ஏழாம் அடுக்குச் சுண்ணாம்பு

மண்ணைத் தோண்டுபவர்களுக்கு ஆராய்ச்சியாளர் என்று பெயர். தோண்டியதைக் கழுவி எண் போடுபவளுக்குக் 'கழுவுற அக்கா' என்று பெயர். பதினேழு வருடமாக அகழாய்வுக் கொட்டகையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்து பானை ஓடுகளைக் குளிப்பாட்டுகிறாள். பெற்ற பிள்ளைகளைக்கூட இத்தனை முறை குளிப்பாட்டியிருக்க மாட்டாள்.

குழியில் ஒவ்வொரு மண்ணடுக்கும் ஒரு காலம். மேலிருந்து மூன்றாவது, நகரம் கட்டியவர்களுடையது. ஏழாவது, விதைக்கத் தெரியாமல் வேட்டையாடி, கிழங்கு தோண்டி, நத்தை பொறுக்கித் தின்றவர்களுடையது. எடுத்த பொருள் எந்த அடுக்கு என்று ஒரு சீட்டு தட்டோடு வரும். கழுவி உலர்த்தியபின் அந்த எண்ணை ஒவ்வொன்றிலும் எறும்பு அளவில் எழுத வேண்டும். "சீட்டைப் பாரு, பொருளைப் பாக்காத. யோசிக்க நாங்க இருக்கோம்" என்று முதல் நாளே அகழாய்வு இயக்குநர் சொல்லியிருந்தார். அவளும் யோசிக்கவில்லை. ஒரு எண்கூடத் தப்பவில்லை என்ற கர்வம் மட்டும் கொஞ்சம் உண்டு.

ஆனைக்கும் அடி சறுக்கும். ஒரு நாள் திடீர் மழை. உலர்ந்துகொண்டிருந்த தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதில் இரண்டு சீட்டுகள் கீழே விழுந்தன. எடுத்து வைத்தாள். மறுவாரம் சீட்டைப் பார்த்து எண் எழுதினாள்.

மூன்று மாதம் கழித்து நாளிதழின் முதல் பக்கத்தில் 'பயிர் செய்யும் முன்பே நகரம் கண்டவர்கள்' என்று கொட்டை எழுத்தில் செய்தி வந்தது. ஏழாம் அடுக்கில் சக்கரத்தில் வனைந்த பானை! மூன்றாம் அடுக்கில் நத்தை ஓடுகளைப் பார்த்த இன்னொரு அறிஞர், நகரத்து ஏழைகளின் உணவு பற்றி நாற்பது பக்கம் எழுதித் தள்ளினார். இயக்குநர் ஒரு புத்தகமே போட்டு, விமானம் விமானமாக ஏறி இறங்கினார். கொட்டகைக்கும் நிரந்தர வேலைகள் வந்தன. அந்த வேலைகளுக்கான பட்டியலில் அவள் பெயர்தான் முதலில்.

நாளிதழ்ப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். இயக்குநர் கையிலிருந்த ஓட்டின் வரிப்பள்ளத்தில் வெள்ளையாக ஒரு துளி. சுண்ணாம்பு. ஏழாம் அடுக்கு வெறும் கரிமண், தண்ணீர் பட்டாலே போய்விடும். சுண்ணாம்பு ஒட்டி நகத்தை உடைப்பது மூன்றாம் அடுக்கு ஒன்றுதான்.

"செத்தவங்க எழுந்து வந்து கேக்கப் போறாங்களா? வேலை நிரந்தரமாகுற நேரம். வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் அவள் கணவர். நான்கு நாள் மூடிக்கொண்டிருந்தாள். சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் இயக்குநர் முன்னால் போய் நின்றாள்.

"சார், மழை வந்தன்னைக்கு மூணு, ஏழு ரெண்டு சீட்டையும் மாத்தி வச்சிட்டேன். அந்த ஓட்டுல சுண்ணாம்பு இருக்கு பாருங்க."

"உனக்கு ஏம்மா இந்தத் தாழ்வு மனப்பான்மை? நீ தப்பே பண்ணாதவள்னு புத்தகத்துலயே எழுதியிருக்கேன்."

"இப்ப பண்ணிட்டேனே சார்."

"சுண்ணாம்புன்னா சொன்ன?" இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி யோசித்தார். "அருமை. அதை நான் கவனிக்கல."

புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில், நத்தை பொறுக்கியவர்களின் சுண்ணாம்புக் காளவாய் பற்றிப் புதிதாக ஒரு அத்தியாயம் சேர்ந்தது.

அடுத்த பருவத்தில் ஏழாம் அடுக்கை எவ்வளவு தோண்டியும் பானை மட்டும் வரவில்லை. எப்படி வரும்? ஒரு நாள் இயக்குநரே மூன்றாம் அடுக்குக் கூடை ஒன்றைத் தூக்கி வந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"இதுக்கெல்லாம் ஏழுன்னு போட்டுடும்மா. ஒரே ஒரு தட்டுன்னா நாலு பேர் சந்தேகப்படுவாங்க. அடுத்த வாரம் உன் பட்டியல் கையெழுத்தாகுது, ஞாபகம் வச்சுக்கோ."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பயமாகத்தான் இருந்தது.

"அன்னைக்கு நடந்தது தப்பு சார். இது பொய்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பதினோரு ஓடுகளிலும் மூன்று என்றே எழுதி முடித்தாள். வீட்டுக்குப் போய் ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுவாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு இயக்குநரே ஒரு தாளைக் கொடுத்தார். மழை பெய்த தேதியைச் சொல்லி, அன்று மூன்றாம், ஏழாம் அடுக்குகளின் சீட்டுகளைக் கவனக்குறைவாக மாற்றி வைத்ததால் இவர் பணியிலிருந்து நீக்கப்படுகிறார் என்று அதில் இருந்தது.

பதினேழு வருடம். அவளுக்குக் கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, சீட்டைப் படிப்பதுபோல அந்தத் தாளை ஒவ்வொரு எழுத்தாக மறுபடி படித்தாள்.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"முத்திரையும் இருக்கு" என்றாள். தாளைக் கசங்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். "நான் சொன்னப்ப யாருமே நம்பல சார். நீங்க சொன்னா ஊரே நம்பும்."