அப்பா நாற்காலி

அவளுக்குத் தொடைநடுங்கி என்று பெயர் வைத்தது கூடப்பிறந்த அக்கா. பொருத்தமான பெயர்தான். லிஃப்டுக்குப் பயம், நாய்க்குப் பயம், நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அதைவிடப் பயம். ஒருமுறை குக்கர் விசிலடித்ததற்கு அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக் கூரையில் விரிசல் விழுந்தது. இன்றைக்கும் போனால் பார்க்கலாம்.

இப்பேர்ப்பட்டவள் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் விரிவுரையாளர். அதுவும் தற்காலிகம். வருடா வருடம் நீட்டிப்பு உத்தரவு வந்தால்தான் வேலை.

துறைத்தலைவர் ஒருநாள் கூப்பிட்டனுப்பினார். "பாலினவியல்னு புதுசா ஒரு பாடம். எல்லாரும் நழுவிட்டாங்க. நீங்க எடுத்துடுங்க." மாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருந்ததால் தலையாட்டினாள். "ஆனா ஒண்ணு. பசங்க வீட்டிலேர்ந்து ஒரு புகார் வந்தாலும், அடுத்த வருஷம் நீட்டிப்பு கேட்டு இந்த ரூமுக்கு வராதீங்க."

முதல் வகுப்புக்கு வரையறைகளையெல்லாம் நெட்டுருப் போட்டுக்கொண்டு போனாள். பாதி வாக்கியம்கூடத் தாண்டவில்லை, கடைசி பெஞ்சிலிருந்து நெட்டையன் ஒருவன் எழுந்தான். "மேடம், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்னு எங்களுக்கு எட்டாவதுலயே சொல்லிக் குடுத்துட்டாங்க. படத்தோட."

வகுப்பே உருண்டு சிரித்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் ஆவியாகிவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டாள்.

"உங்க வீட்டு ஹால்ல இருக்கறதுலயே நல்ல நாற்காலியில யார் உட்காருவாங்க?"

"அப்பா" என்றது வகுப்பு.

"எங்க வீட்ல அப்பா இல்ல மேடம். தம்பி" என்றாள் ஒருத்தி.

"மத்தவங்க உட்காரக் கூடாதுன்னு யார் சொன்னது?"

சிரிப்பு அடங்கியது. யாரும் சொன்னதில்லை.

"யாரும் சொல்லாமலே எல்லாரும் கேட்டு நடக்கற சட்டம் இருக்கே, அதைப் பத்தினதுதான் இந்தப் பாடம்."

அத்தனை பேரும் தன்னையே பார்க்கிற சந்தோஷம் அவளுக்குப் பழக்கமில்லாதது. அது தலைக்கேறிவிட்டது. "இன்னைக்குச் சாயங்காலம் போய் அதுல உட்காருங்க. எழுந்திருன்னு யாராவது சொல்ற வரைக்கும். என்ன பார்த்தீங்கன்னு வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். படியிறங்கும்போதே துறைத்தலைவர் சொன்ன புகார் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் ஆளுக்கொரு கதையோடு வந்தார்கள். நெட்டையனின் அப்பா டிவியைப் பார்த்தபடியே வந்து அவன் மடியில் உட்கார்ந்துவிட்டாராம். எல்லோரும் சிரிக்க, அவளும் சிரிக்கப் போனாள். அப்போதுதான் ஜன்னலோரத்து இடம் காலியாக இருப்பது கண்ணில் பட்டது. அங்கே உட்காருகிற பெண் வாயே திறக்காது என்பதால் வகுப்பில் அதற்கு மியூட் என்று பெயர். அடுத்தடுத்த நாளும் அந்த இடம் காலி. அதன் ஃபோனும் அணைந்தே கிடந்தது. பக்கத்துப் பெண்ணைக் கேட்டால், "அவங்க அப்பா படிச்சது போதும்னுட்டாராம் மேடம். நாற்காலியில உட்கார்ந்தாளாம்" என்றாள், ரகசியம் போல.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எதற்கும் அசராதவள். சாப்பிடும்போது விஷயம் தெரிந்ததும், "உன் பேரு வெளிய வரலையே? கம்முன்னு இருடி" என்றாள்.

"அந்தப் பொண்ணு படிப்பு நின்னுடும்க்கா."

"அப்போ போய்ட்டு வா. மயக்கம் மட்டும் போட்டுத் தொலைக்காத. எமர்ஜென்சியில இன்னைக்கு என் டியூட்டி இல்ல."

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். இருட்டுப் படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அழைப்பு மணியை அவள் அழுத்தவேயில்லை. முட்டிகள் மோதிக்கொண்ட சத்தத்துக்கே கதவு திறந்தது.

அப்பா பஸ் டிரைவர். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துத் தடித்த கைகள். குரல் மட்டும் மெதுவாக இருந்தது, அதுதான் அதிகம் கிலியூட்டியது. "உட்காருங்க டீச்சர்" என்று முக்காலியைக் காட்டிவிட்டு, பெரிய நாற்காலியில் தான் உட்கார்ந்தார். சுவரோடு சுவராக நின்றது பெண்.

"நான் அடிக்கல, திட்டல. எழுந்திருன்னேன், எழுந்திருக்கல. யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன். யாரும் இல்ல, எனக்கே தோணுச்சுங்கறா. தனக்கே தோணற அளவுக்கு வந்துட்டா, அதுக்கு மேல எதுக்குப் படிப்பு? நீங்களே சொல்லுங்க."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வாயே திறக்காத பெண் திறந்த ஒரே தடவையும் டீச்சரைக் காப்பாற்றத்தான் திறந்திருக்கிறது. சும்மா எழுந்து போனால் வேலை பிழைக்கும், அதன் படிப்பு போகும். பெண் அப்பாவுக்குத் தெரியாமல் வேண்டாம் என்று தலையசைத்தது.

"நான்தான் சொன்னேன்."

"என்ன?"

சத்தம் வெளியே வந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான்தான் சொன்னேன். வகுப்புல எல்லாருக்கும். அது வீட்டுப்பாடம்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டேயிருந்தார். "பாடமா? மார்க் உண்டா?"

"உண்டு" என்று புளுகினாள். "இருபது."

"இருபது மார்க்கை மறைச்சிட்டு நிக்கிறியா நீ?" என்று மகளைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை வருவா. நானும் வருவேன். இப்படியும் ஒரு பாடம் இருக்கான்னு உங்க பெரியவரைக் கேட்டாகணும்."

திங்கட்கிழமை ஜன்னலோரத்து இடம் நிறைந்திருந்தது. துறைத்தலைவர் அறை வாசலில் காக்கிச் சட்டையோடு அதன் அப்பாவும் காத்திருந்தார். வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் கதவைப் பார்த்தாள். சாக்பீஸ் இரண்டு தடவை நழுவி விழுந்தது. இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணைக் கேட்டாள்: "நீ இன்னும் சொல்லலையேம்மா. உட்கார்ந்து என்ன பார்த்தே?"

பெண் எழுந்தது. வகுப்பு மூச்சுவிடாமல் திரும்பிப் பார்த்தது.

"அதுல உட்கார்ந்தா நேரே சமையலறை தெரியுது மேடம். அம்மா நிக்கறது, ஒரு கால்ல கொஞ்ச நேரம் மறுகால்ல கொஞ்ச நேரம் மாத்தி மாத்தி நிக்கறது, எல்லாம் தெரியுது. அப்பாவுக்குத் தெரியாதுன்னுதான் இத்தனை நாளா நெனச்சிருந்தேன். அவர் தினமும் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கார். அதான் எழுந்திருக்க முடியல. எழுந்துட்டா நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி ஆயிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

வாசலில் பியூன் தலை தெரிந்தது. "மேடம், தலைவர் கூப்பிடறார். கையோட கூட்டிட்டு வரச் சொன்னார்."

அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வகுப்பு நடக்குதுன்னு சொல்லுங்க. முடிச்சிட்டு வரேன்" என்றாள். பிறகு பெண்ணிடம், "அம்மா உன்னைப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள்.