மயோனைஸ்காரி கிகுயே

புருஷன் செத்த பிறகு, அவன் சரக்குச் சுமந்த மரச்சட்டத்தையே முதுகில் மாட்டிக்கொண்டவள் கிகுயே. ஜப்பானின் ஹிதா மலை உச்சியில் இருக்கும் விடுதிக்குச் சரக்கு ஏற்றுவதுதான் பிழைப்பு. அரிசி, மிசோ விழுது, சோயா சாஸ், சிப்ஸ் எல்லாம் தலைக்கு மேலே உயர்ந்து நிற்கும். ஏற ஏற சிப்ஸ் பொட்டலங்கள் பலூன் மாதிரி உப்பிவிடும். இளைப்பாற உட்காரும்போது அதை விரலால் தட்டிப் பார்ப்பாள். இத்தனை வருஷமாகியும் அவளுக்கு அது அதிசயம்தான்.

இடுப்புப் பையில் தனக்கென்று ஒரு மயோனைஸ் புட்டி எப்போதும் இருக்கும். சோறு, மீன், முட்டைக்கோஸ், எதன் மேலும் அதைப் பிதுக்கிக்கொள்வாள். விடுதிக்காரர் குரோய்வாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"யம்மா, அந்தக் களிம்பை வெளிய வச்சுத் தின்னு. நல்ல சோத்தை நாசம் பண்ணாத."

"உங்க சோயா சாஸ் வழிஞ்சு ஓடிரும். இது சொன்ன இடத்துல நிக்கும், பெரியவரே."

ஓர் இலையுதிர் காலத்தில், மூடுபனிக்குள் ஏறிக்கொண்டிருந்தபோது பாறை வழுக்கியது. பள்ளத்தில் உருண்டு ஒரு திட்டில் போய் விழுந்தாள். கணுக்கால் முறிந்திருந்தது. வார் அறுந்து சரக்கு மொத்தமும் கீழே போய்விட்டது. புட்டிகள் உடைந்து, பள்ளமெங்கும் சோயா சாஸ் வாடை. அங்கே கைபேசியும் எடுக்கவில்லை. பனியைப் பார்த்துவிட்டு அவள் கிளம்பியிருக்கமாட்டாள் என்று விடுதியில் நினைத்தார்கள். மேலே போய்ச் சேர்ந்திருப்பாள் என்று ஊரில் நினைத்தார்கள்.

கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. பையில் மயோனைஸும், பாதிப் புட்டி பார்லித் தேநீரும் மிச்சம். மயோனைஸ் புட்டியின் வாய் நட்சத்திர வடிவம். பசி தாளாதபோது விரல் நுனியில் ஒரு வெள்ளை நட்சத்திரத்தைப் பிதுக்கி, அது கரையும்வரை நாக்கிலேயே வைத்திருப்பாள். முட்டையும் எண்ணெயும் புளிப்புமாக அது இறங்க இறங்க, குளிரில் விறைத்த உடம்புக்குள் எங்கேயோ ஒரு கனப்பு மூண்டது.

மூன்றாம் நாள் காலையில் முதுகுப்பக்கம் வெயில் எழுந்தது. பள்ளத்தில் மட்டும் பனி தேங்கி நின்றது. பாறையைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிரே பனியில் மலையளவு ஓர் உருவம். அதன் தலையைச் சுற்றி வானவில் வட்டம். கை தூக்கினாள், அதுவும் தூக்கியது. புத்தர் எழுந்தருளும் ஒளி என்று ஊரில் சொல்லக் கேட்டிருக்கிறாள், கண்டதில்லை. அது தன் நிழல்தான் என்று புரிந்த பிறகும் தூக்கிய கையை அவள் இறக்கவில்லை.

"ஆத்தாடி!" என்று வாய்விட்டு அலறினாள். உதவி கேட்கும் நினைப்பே அவளுக்கு அப்போது இல்லை.

அவள் இரண்டு இடத்திலும் இல்லை என்று தெரிந்து, மேலே பாதையில் தேடிக்கொண்டிருந்த குரோய்வாவின் காதில் அந்தக் குரல்தான் விழுந்தது. கயிற்றில் இறங்கி வந்தவருக்கு வாய் குழறியது.

"உசுரோட இருக்கியா? என்னத்தைத் தின்ன?"

"உங்களுக்குப் பிடிக்காததைத்தான்."

அழுதுகொண்டே சிரித்தார். கூட வந்த ஆட்களோடு மேலே தூக்கி, தன் சுமைச் சட்டத்தில் அவளை உட்காரவைத்துச் சுமந்து இறங்கினார்.

"அரிசி மூட்டையே தேவலாம், யம்மா. அது வாயாடாது."

அடிவாரத்தில் காசு போடும் பான இயந்திரத்தில் சூடான சோளச் சூப் டின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். உடனே குடிக்காமல் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அங்க என்ன பாத்த? அப்படி ஒரு சத்தம் போட்டியே?"

சொல்ல வாயெடுத்தவள், இரண்டு கையையும் தலைக்கு மேலே வட்டமாகத் தூக்கிக் காட்டினாள். குரோய்வா தொப்பியைக் கழற்றிக் கைகூப்பினார்.