உள்ளூர்க்காரன் ஏறாத மாடி

போன வாரம் மகளோடு சித்திரை வீதியில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு இளைஞர் அட்டையை நீட்டி, "மாடிக்கு வாங்கண்ணே, காபி குடிச்சுக்கிட்டே கோபுரம் பாக்கலாம்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் குறுகலான படிக்கட்டு. கீழே இன்னும் சிலைக் கடைதான். ஊதுபத்தியும் புளி போட்டுத் துலக்கிய பித்தளையும் கலந்த வாசம் வந்தது. மாடிக்கு ஆள் கூப்பிடுகிற வேலையை ஒரு காலத்தில் இதே கடையில் நானும் பார்த்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோபுரத்துக்கு எதிரே உள்ள கடைகளில் ஒரு பழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களைக் கூப்பிட்டு, மொட்டைமாடியில் ஏற்றி, சும்மாவே கோபுரம் காட்டுவார்கள். இறங்கும் வழி மட்டும் கடைக்குள் இருக்கும். எதுவும் வாங்காமல் வெளியே வர மனசு இடம்கொடுக்காது. எட்டாவதோடு நின்ற எனக்குத் தெரிந்த ஆங்கிலம் 'கம், டாப், டெம்பிள், ஃப்ரீ' என்ற நாலு வார்த்தைதான். அந்த மாடியில் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். படம் எடுக்கிறவர்களோ பின்னாலேயே நகர்வார்கள். ஏறினவர்களை எண்ணி, இறங்கினவர்களை எண்ணி, ஒருத்தர் குறைந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் பயந்தாங்கொள்ளி நான்.

முதலாளிக்கு ஒரே சட்டம். "உள்ளூர்க்காரன ஏத்தாதப்பா. மேல போயி கும்பிடுவான், கீழ வந்து கும்பிடுவான். ஒரு பொம்ம வாங்க மாட்டான்."

கும்பிடுகிற உள்ளூர்க்காரன் என்றால் அது என்னைப் பெற்ற அய்யாதான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அய்யாவுக்கு அடுத்தவர் வயலில் கூலி வேலை. கண்மாய்க்கரையில் ஏறினால், தெளிவான காலையில் தெற்குக் கோபுரம் சுண்டுவிரல் உயரத்துக்குத் தெரியும். அதைப் பார்த்துக் கையெடுத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவார். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் ஆட்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். கரையிலிருந்து கும்பிட்டதோடு சரி. கதவு திறந்து எத்தனையோ வருடமாகியும் அய்யாவுக்குக் கூச்சம் போகவில்லை. ஆனால் எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "கோபுரம் தெரியிற ஊரு" என்றுதான் சொல்வார்.

நான் கடையில் சேர்ந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. "வெள்ளக்காரனுக்கெல்லாம் காட்டுறியே, எனக்கும் ஒரு தடவ மூஞ்சிக்கு நேரா காட்டுப்பா." கூட்டம் குறையட்டும் என்று இரண்டு வருடம் தள்ளினேன்.

ஒருநாள் அவரே வந்துவிட்டார். வெளுத்த வேட்டி, கையில் செருப்பு. என் முதுகுக்குப் பின்னால் படிக்கட்டில் பதினோரு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். வாசலில் முதலாளி.

"யாருப்பா அது?"

வீட்டில் மனைவி மாசமாக இருந்தாள். இந்த வேலை போனால் வேறு போக்கிடம் இல்லை. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"தெரியல மொதலாளி. வழி கேக்குறாரு."

அய்யா என்னைப் பார்க்கவில்லை. முதலாளியைப் பார்த்து, "ஆமாங்க சாமி. பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போகணும்னு கேட்டேன்" என்றார்.

நான் கையை நீட்டி வழி காட்டினேன். அதையும் செய்தேன். அவர் அந்தப் பக்கமாகவே நடந்து போனார். அன்றைக்கு மாடியிலிருந்து எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது.

அன்று ராத்திரி வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம கம்மாக்கரையில இருந்து பாத்தாத்தேன் அம்சமா இருக்கு" என்றார். அடுத்த பொங்கலுக்கு அவர் இல்லை.

மகள் என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். இப்போது நெஞ்சு உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. யார் வேண்டுமானாலும் ஏறலாம். ஏறினவர்கள் எல்லாரும் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேற்கே பார்த்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்க்கரை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகள். போன மாதம் அங்கே நின்று பார்த்தேன், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். வீடு விற்கிற விளம்பரப் பலகையில் மட்டும் கோபுரத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். கோபுரம் தெரியிற ஊரு என்று இனி யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

"தாத்தா இங்க வந்திருக்காராப்பா?" என்றாள் மகள்.

"ஒரு தடவ வந்தாரு. பஸ்ஸுக்கு வழி கேட்டுட்டுப் போயிட்டாரு" என்றேன்.