மூடாத கண்ணுக்கு டேப்

எட்டாவதோடு பள்ளியை விட்ட பிறகு நான் பார்த்த வேலைகளில் ஆறு மாதத்தைத் தாண்டியவை குறைவு. போர்வெல் லாரி, குரும்பலூரில் ஓட்டல், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரி. குவாரியில் ஒரு கல்சில்லு தெறித்து இடது கண்ணைக் கொண்டுபோனது. மிச்சமிருந்த வலது கண்ணோடு உடையார்பாளையத்தில் ஒரு முந்திரித் தோப்புக்குக் காவலுக்குப் போனேன். அங்கே நான்கு வருடம் நிலைத்துவிட்டேன்.

அதற்குக் காரணம் என் உழைப்பு அல்ல. தூங்கும்போது என் இமை பாதிக்கு மேல் இறங்காது. லாரியில் கூடப் படுத்தவர்கள் முதல் நாளே நான் செத்துவிட்டதாக நினைத்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். தோப்பில் அது வசதியாகப் போயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வழியைப் பார்த்தாற்போல் மரத்தில் சாய்ந்து தூங்குவேன். ஆடு ஓட்டி வருகிறவர்கள் என் கண்ணைப் பார்த்துத் திரும்பிவிடுவார்கள். தோப்புக்காரரும் பைக்கை நிறுத்தி, தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவாராம்.

அப்படியிருக்கையில் குடலிறக்கம் வந்தது. பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். தோப்புக்காரரே கூட்டிப்போய்ச் சேர்த்து, மறுநாள் காலையும் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். அன்றைக்கு மட்டும் வராமல் இருந்திருக்கலாம்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்து, ஆடுகிற பல் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றெல்லாம் கேட்டார். பிறகு, "தூங்குறப்ப கண்ணு முழுசா மூடுமா?" என்றார்.

தோப்புக்காரர் முந்திக்கொண்டார். "இவன் எங்கங்க தூங்குறான். எப்பப் போனாலும் முழிச்சிட்டுத்தான் இருக்கான்."

"அவரு சொல்லட்டுங்க. மயக்கத்துல கண்ணு சிமிட்டாது. இமை திறந்து கெடந்தா காஞ்சு புண்ணாயிடும், துணி உரசுனாலும் கீறிடும். அதான் எல்லாருக்கும் இமைய மூடி டேப் ஒட்டுறோம். மூடாத கண்ணுன்னா மருந்து வச்சு, அப்பப்ப பாத்துக்கணும். உங்களுக்கு இருக்கிறதே ஒரு கண்ணு."

நான் தோப்புக்காரரைப் பார்த்தேன். "அண்ணே, ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

"நீ தண்ணியே குடிக்கக் கூடாதுப்பா."

"உங்களுக்குத்தாண்ணே."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்."

வேலை போனால் வேறு வேலை தேடலாம். எனக்கு அது பழக்கம். கண் போனால் தேடவும் வழியில்லை.

"மூடாதுங்கம்மா. பாதி திறந்தேதான் தூங்குவேன்."

"ராத்திரிலயா?" என்றார் தோப்புக்காரர்.

"பகல்லயுந்தாண்ணே."

அவர் என் கண் பக்கமாகக் குனிந்தார். நான்கு வருட மத்தியானங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறார் என்று தோன்றியது. கடைசியில் டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"டேப்பு ஒட்டுனா, அப்பறம் கண்ணு மூடிக்குமாங்க?"

"இல்லைங்க. எடுத்துட்டா பழையபடிதான்."

"அப்ப ஒட்டுங்க. ஆடு அந்தக் கண்ணுக்குத்தான் பயப்படுது."

மயக்கம் தெளிந்தபோது டேப் போயிருந்தது, கூடவே நாலைந்து புருவ முடியும். கண்ணில் களிம்பு அப்பி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பயந்துபோனேன். நர்ஸ் துடைத்துவிட்டதும் ஃபேனின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. அதன் கீழே தோப்புக்காரரின் முகம்.

"தெரியுதா?"

"தெரியுதுண்ணே."

"இப்ப முழிச்சிருக்கியா, தூங்குறியா?"

வேலை போகவில்லை. ஆனால் அவர் இப்போதெல்லாம் பைக்கை நிறுத்திவிட்டு, கீழே கிடக்கும் முந்திரிப் பழம் ஒன்றை எடுத்து என் மேல் எறிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார். குறி தப்புவதில்லை. சட்டையில் பட்ட கறைதான் போகமாட்டேன் என்கிறது.