முடியும் திகதியில் ஒரு பொட்டு

போன திங்கட்கிழமை காலை ஏழரை மணி. தேநீருக்குக் கெட்டிலைத் தட்டிவிட்டு நின்றேன். போன் அடித்தது. மருமகன் ரமணன். என் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, அந்த இன்சூரன்ஸ் சேட்டிபிக்கட்டில என்ன சிவப்பு? ரத்தமோ எண்டு கேக்கினம்."

ரமணன் கூரை வேலை செய்யும் கொன்ட்ராக்டர். அவருக்குக் கீழே ஆறு பேர். இந்த நாட்டில் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர் ஒரு காப்புறுதி எடுத்திருக்க வேண்டும், வேலையில் அவர்களுக்கு அடிபட்டால் ஈடு கொடுப்பதற்கு. அதற்கான சான்றிதழைக் காட்டாமல் பெரிய சைட் எதிலும் கேட்டைத் தாண்ட முடியாது.

இதுவரை ஒழுகும் சமையலறைகளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு ரெய்னர்ஸ் லேனில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை கிடைத்திருந்தது. முதல் பெரிய வேலை. அன்றுதான் தொடக்கம். கேட்டில் ட்ரேசி என்று ஒரு பெண்மணி. சான்றிதழ் எப்போது முடிகிறது என்பதே தெரியவில்லை, பத்து மணிக்குள் ஒழுங்கான பிரதி வராவிட்டால் அடுத்த கூரைக்காரரைக் கூப்பிட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டாராம்.

அடிபட்டவர்களுக்காக இருக்கிற காகிதம். அதன் நடுவில் சிவப்பாக ஒரு கறை. ட்ரேசியைக் குறை சொல்ல முடியுமா?

"மாமி பூசையில பொட்டு வச்சிருப்பா போல" என்றார் ரமணன்.

என் மனைவி பாக்கியம் பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கெட்டிலைப் பார்த்தேன்...

வைத்தது நான்.

சனிக்கிழமை எங்கள் மனோர் பார்க் வீட்டில் ஆயுத பூசை. ரமணனின் ட்ரில், ஆணி அடிக்கும் துப்பாக்கி, ஹெல்மெட் எல்லாம் சாமி அறையில். ஏணி உள்ளே வராததால் ஹோலில் நின்றபடி கும்பிட்டது. ரமணனின் காகித வேலைகளைப் பார்ப்பது நான்தான் — படித்தவன், ஓய்வில் இருக்கிறவன், வேறு எதற்கும் உதவாதவன். ஆகவே என் பங்குக்குச் சான்றிதழையும் அச்சடித்து ட்ரில்லுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பாக்கியம் கடலை தாளிக்க உள்ளே போன நேரம், சந்தனக் கிண்ணம் என் கைக்கு வந்தது. சான்றிதழில் எந்த இடத்தில் வைப்பது? எது முக்கியமோ அங்கேதானே? முடியும் திகதிதான் முக்கியம். அதன் மேலேயே வைத்தேன். சந்தனம் தாராளமாக, குங்குமம் அதைவிடத் தாராளமாக. அந்தக் கோலத்திலேயே ஒரு படம் எடுத்து ரமணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மூல ஈமெயில் எங்கே என்று கேட்பீர்கள். அழித்துவிட்டேன். அச்சடித்த பிறகு ஈமெயில் எதற்கு என்பது என் கொள்கை. காப்புறுதித் தரகரின் அலுவலகமோ ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.

அச்சடிச்ச தாளையே கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். எழுபத்தைந்தைத் தாண்டியவன் ஓடினால் அதை ஓட்டம் என்று சொல்லலாமா தெரியாது. ஆனால் எலிசபெத் லைன் ரயிலைப் பிடித்துவிட்டேன். அங்கேதான் அடுத்த புத்தி உதித்தது. பொட்டை மெதுவாகத் துடைத்துவிட்டால் திகதி தெரியும்தானே? எதிரே குழந்தையோடு இருந்த ஒரு தாயிடம் ஈரத் துடைப்பான் ஒன்று கேட்டு வாங்கினேன்.

துடைத்தேன். பொட்டு குளமானது. இன்னும் துடைத்தேன். குளம் போனது, திகதியும் போனது. அந்த இடத்தில் ஒரு ஓட்டை. ஓட்டைக்கூடாக என் முழங்கால் தெரிந்தது. குழந்தை கைதட்டிச் சிரித்தது.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி ரெய்னர்ஸ் லேன் போய்ச் சேர ஒன்பது தாண்டிவிட்டது. கேட்டுக்கு வெளியே ஆறு பேரும் மஞ்சள் சட்டையோடு வேலியில் சாய்ந்து நின்றார்கள். ரமணன் கையை நீட்டினார். ஓட்டையைக் கொடுத்தேன். அவர் அதை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

வழியெல்லாம் ஒரு பேச்சு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அது வரவில்லை. "தம்பி, பொட்டு வச்சது மாமி இல்லை. நான்தான். காலமை வாய் திறக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும் மாமா."

"எப்பிடி?"

"மாமி வச்சா வட்டமா இருக்கும். இது இலங்கை வரைபடம் மாதிரி எல்லோ இருந்தது. உங்களைச் சொல்ல ஏலுமே? அதுதான் பழியை மாமியிலை போட்டனான்."

ஆறு பேரில் ஒருவன் நெற்றியைக் காட்டினான். "மாமா, எனக்கும் ஒண்டு வச்சு விடுங்கோ. நான் வீட்டை போய்ப் படுக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். ரமணன் சிரிக்கவில்லை, மணியைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வேலை போனால் அந்த ஆறு பேருக்கும் இந்த மாதம் வேறு வேலை இல்லை.

ஒன்பதரைக்குத் தரகரை அழைத்தேன். பதிவில் இருப்பது என் பெயர் என்பதால் நான்தான் பேச வேண்டும். பழைய பிரதிக்கு என்ன நடந்தது என்று அந்தப் பையன் கேட்டான். அறுபது வருட ஆங்கிலமும் கைவிட்டது. மதக் காரணங்களால் திகதி அழிந்துவிட்டது என்றேன். அதற்குத் தன் படிவத்தில் கட்டம் இல்லை, 'மற்றவை' என்று போடுகிறேன் என்றான்.

பத்துக்குக் கால் மணி நேரம் இருக்க ட்ரேசியின் போனில் புதுப் பிரதி விழுந்தது. அவர் திகதியை இரண்டு தடவை வாசித்தார். கேட் திறந்தது. உள்ளே போகும்போது ரமணன் ஒரு ஹெல்மெட்டை என் தலையில் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே நிற்கச் சொன்னார். எனக்குக் காப்புறுதி இல்லையாம்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம் மன்னிப்புக் கேட்டேன். தட்டில் சோற்றைப் போட்டபடியே அவள் கேட்டாள்:

"கெட்டில் என்ன சொன்னது?"

யோசித்துப் பார்க்கிறேன். வேலைக்காரருக்கு அடிபட்டால் காப்புறுதி. வீட்டுக்காரன் மடைத்தனம் பண்ணினால்? ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் பேசாமல் நின்று அதைத் தன் தலையில் வாங்குகிறார். சான்றிதழும் கேட்பதில்லை. இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் அது யார் என்று நான் கவனித்ததே இல்லை. வெட்கமாக இருக்கிறது... ஆனால் ஏனோ அன்று முழுவதும் சிரிப்பாகவும் இருந்தது.

வியாழக்கிழமை சாமி அறைக்குப் போனேன். புதுச் சான்றிதழ் அங்கே இருந்தது. லாமினேட் செய்து, சட்டம் போட்டு. ரமணன் கொண்டுவந்து வைத்திருக்கிறார். திகதிக்கு எட்டாத ஒரு மூலையில் கறுப்பு மார்க்கரால் காசளவு வட்டம். பக்கத்தில் அவருடைய கையெழுத்து:

"மாமா, இஞ்ச மட்டும்."