ஆறாவது டப்பா

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு, கடத்தூரில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். மண்டிக்குப் பின்னால் முதலாளி கிணறு வெட்டினார். பாறை தட்டியது, வெடி வைக்க வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வெடிக்கு ஒரு முறை உண்டு. எத்தனை குழி என்று முன்னதாகவே கூவிச் சொல்வார்கள். எல்லோரும் விலகி நின்று சத்தங்களை எண்ணுவார்கள். சொன்ன எண்ணிக்கை முடியும்வரை யாரும் அசையமாட்டார்கள். முடிந்துவிட்டால் தயங்கவும் மாட்டார்கள். மண்டியில் எண்ணும் பொறுப்பு என்னுடையது.

அன்று வெடிக்காரர், "அஞ்சு" என்று கூவினார். கொட்டை எடுக்கும் பெண்களோடு சாலைக்கு அப்பால் நின்றேன். ஐந்தும் வெடித்தன. நேரத்தை டைரியில் குறித்துக்கொண்டு, "அஞ்சும் ஆச்சு, உள்ள போங்க" என்றேன்.

"நல்லா எண்ணுனீங்களா, இல்ல நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?" என்றாள் ஒருத்தி.

"ரைட்டரு புளியங்கொட்டையவே எண்ணித்தான் உடுவாரு. வாடி" என்றாள் இன்னொருத்தி.

சிரித்துக்கொண்டே போனார்கள். அதையும் டைரியில் எழுதிவிட்டு நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தபோது மண்டிக்குள் ஒரு வெடி வெடித்தது. கல்சுவர் சரிந்து, கூரை இறங்கியது. பதினோரு பேர் இறந்தார்கள்.

மீந்த வெடிமருந்தை வெடிக்காரர் உள்ளே வைத்துவிட்டதாக முதலாளி சொன்னார். போலீஸ் வெடிக்காரருக்கு விலங்கு மாட்டியது. என்னைக் கடக்கும்போது, "எங்கிட்ட மிச்சமே இல்லீங்க. எண்ணுனது நீங்கதானுங்களே, சொல்லுங்க" என்றார்.

டைரியைத் திறந்தேன். அதே பக்கத்தில், காலையில் எழுதியது: 'மருந்து ஆறு டப்பா வந்தது. முதலாளி வெடிக்காரரிடம் ஐந்து கொடுத்தார்.' குழிக்கு ஒரு டப்பா. என் கையால்தான் எழுதியிருந்தேன். ஆறாவது எங்கே என்று கேட்கவில்லை.

தருமபுரிக்குப் போய் டைரியைப் போலீஸ் அதிகாரியிடம் ஒப்படைத்தேன். விசாரித்ததில் எல்லாம் வெளிவந்தது. நல்ல புளியை முதலாளி முன்பே மாரண்டஹள்ளிக்குக் கடத்திவிட்டு, வெறும் புளியம் ஓடு அடைத்த மூட்டைகளை மண்டியில் அடுக்கி இன்ஷூரன்ஸ் பணத்துக்குக் காத்திருந்தார். ஆறாவது டப்பாவை உள்ளே ஒளித்து நீளத் திரியைப் பற்றவைத்தவரும் அவரே. உள்ளே ஆட்கள் வேலை செய்தால் தன்மேல் சந்தேகம் வராது என்று நினைத்திருக்கிறார்.

வெடிக்காரர் விடுதலையானார். ஆனால் கோர்ட்டில் அந்தப் பக்கம் முழுவதையும் என்னையே படிக்கச் சொன்னார்கள். 'ஐந்தும் முடிந்தன. பெண்களை உள்ளே அனுப்பினேன்' என்பது கடைசி வரி.

முதலில் கேலி செய்தவளின் கணவர் வெளியே நின்றிருந்தார்.

"போறப்ப அவ ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"நல்லா எண்ணுனீங்களான்னு கேட்டாங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரயிலடிப் பக்கம் நடந்தார்.