மேற்குக் காற்றுக்குப் பெயர் வைத்தவள்

டெனிஷ் ஊரான பிராண்டேயில் காற்று ஒருநாளும் லீவு எடுப்பதில்லை. காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் தவமலருக்கு அதில் முறைப்பாடும் இல்லை. காற்று நின்றால் வேலையும் நின்றுவிடுமே!

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சைக்குக் கிரேக்க உரோம நாகரிகம் படித்தவள் அவள். டெனிஷ் கடிதம் ஒன்று வந்தால் ஒரு வரி விளங்காது; கிரேக்கத் தெய்வங்களோ சொந்தக்காரர் மாதிரி. தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அவர்களை அவிழ்த்துவிடுவாள். நட்சத்திரங்களின் தேவன் அஸ்திரையோஸ், விடியலின் தேவி ஈயோஸ். இரண்டு பேருக்கும் பிறந்த நாலு பொடியள்தான் நாலு காற்றுகள்: வடக்கன் போரியாஸ், தெற்கன் நோட்டோஸ், கிழக்கன் யூரோஸ், மேற்கன் செபிரோஸ். இதுவரை புத்தகம். இதற்கு மேல் தவமலரின் கைச்சரக்கு.

“செபிரோஸ் அங்க பூ மலர வைச்ச சாதுப் பிள்ளை. இஞ்ச அகதியா வந்து, முகாமில மூண்டு வருசம் விசாவுக்குக் காத்திருந்துதான் விசர் பிடிச்சது. அதுதான் கூரை ஓடெல்லாம் பிடுங்கி எறியிறார்!”

முதலில் சிரிப்பவள் மேரிசெலின், மன்னார்க்காரி. அவளுடைய காரில்தான் தவமலர் வேலைக்குப் போய்வருவது. தவமலரின் டெனிஷ் கடிதங்களை எழுதுவதும் அவள்தான். எழுதி முடித்துப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி போடுவாள். அந்த இடத்தில் தவமலர் கையெழுத்து வைப்பாள். ஒரு தாளையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்லை.

ஊருக்கு வெளியே நாலு புதிய காற்றாலைகள் எழும்பின. அவற்றுக்குப் பெயர் சொல்லும்படி ஊர்ச்சனத்தைக் கேட்டார்கள். சொன்னவரின் பெயரை அடியில் பலகையில் பொறிப்பார்களாம்.

“நாலு பொடியளின்ர பேரையும் எழுதிவிடடி, கதையையும் சேர்த்து,” என்றாள் தவமலர். இந்த நாட்டில் தன் பெயர் கதவு மணிக்குப் பக்கத்தில் தவிர வேறெங்கும் எழுதப்பட்டதை அவள் கண்டதில்லை. புள்ளடி விழுந்தது. கையெழுத்தும் விழுந்தது.

நாலு பெயர்களும் தெரிவாகின. திறப்பு விழாவுக்குத் தவமலர் தடித்த ஜாக்கெட்டுக்குள் பட்டுச்சேலை உடுத்திப் போனாள். பலகையின் துணியை இழுத்தார்கள். மேரிசெலின் என்று மட்டும் இருந்தது.

மேரிசெலின் மைக்கைப் பிடித்தாள். “இது என் அப்பா சொல்லித் தந்த கதை,” என்று டெனிஷில் தொடங்கினாள். அந்த அப்பா மன்னாரில் மீன் நிறுத்து விற்றவர். கிரேக்கம் கிழக்கா மேற்கா என்று கேட்டிருந்தால் முழித்திருப்பார். முகாமில் விசாவுக்குக் காத்திருந்த இடம் வந்தபோது சனம் குலுங்கிச் சிரித்தது.

தவமலர் விழாக்குழுவின் நிக்கலஸிடம் போய், “கதை, என்னுடையது,” என்றாள் தன் உடைந்த டெனிஷில். அந்த மனிதர் பாவம், கோப்பிலிருந்து தாளை எடுத்து மெதுவாக வாசித்தார்: “பெயர்களும் கதையும் மேரிசெலினுடையவை. சாட்சி, தவமலர்.” கீழே அவளுடைய உருண்டைக் கையெழுத்து.

திரும்பும்போது காரில் கேட்டாள். “எடியேய், கொப்பருக்கு எப்ப கிரேக்கம் தெரியும்?”

“செத்துப்போன மனுசனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னா என்ன?”

“அப்ப எனக்கு நல்ல வார்த்தை வேணுமெண்டா நானும் சாகோணுமோ?”

“நீ மைக்கில நிண்டு டெனிஷ் கதைப்பியோ? நான் சொன்னபடியால்தான் சனம் சிரிச்சது.”

“ஓம், சிரிச்சது. அந்தக் கையெழுத்து?”

மேரிசெலின் வீதியையே பார்த்தபடி சொன்னாள். “நீ வாசிச்சிருக்கலாம் தானே.”

“காரை நிப்பாட்டு.”

“மழை வருது, விசர் வேலை பார்க்காத.”

“நிப்பாட்டெண்டுறன்.”

நாலு கிலோமீற்றர் நடை. பட்டுச்சேலை முழங்கால்வரை சேறு.

திங்கட்கிழமை காலை வாசலில் ஹோர்ன் மூன்று தரம் அடித்தது. தவமலர் யன்னல் சீலையை விலக்கவில்லை. சமையலறை மேசையில் அகராதியை விரித்துவைத்து, நிக்கலஸுக்குத் தன் கையால் முதல் டெனிஷ் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தாள். முதல் வரிக்கே அரை மணித்தியாலம் போனது. அடுத்த வரிக்குக் ‘கள்ளி’ என்பதற்கு டெனிஷ் தேடினாள். கிடைத்தது. எழுத்துப் பிழை வந்துவிடக்கூடாதென்று இரண்டு தரம் சரிபார்த்து எழுதினாள்.